ஊராட்சிச் சாலையும் பொறியாளர் சங்கமும்: விதிநூல் களத்துக்கு வந்து சேரும் வழி

ஊர் எல்லையில் போடப்படும் வேகத்தடையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், கூம்பிய முதுகு. இருசக்கர வாகனத்தில் வருபவரின் முதுகெலும்பை உலுக்கும். ஆம்புலன்சில் படுத்திருக்கும் கர்ப்பிணியைத் தூக்கிப் போடும். இரவில் வெள்ளைக் கோடும் பலகையும் இல்லாமல் இருந்தால் உயிரையே எடுக்கும்.

இப்படித்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வேகத்தடை விதிநூல் தெளிவாக அளவு கொடுத்தது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உலுக்காமல் ஏறி இறங்கலாம், வேகமாக வந்தால்தான் தூக்கும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும், தடையின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வேண்டும். பின்னர் 2018இல் இந்த விதிநூல் திருத்தி விரிவாக்கவும் பட்டது.

பிறகு ஏன் ஊருக்கு ஊர் அரை மீட்டர் தடை? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு காரணம் கிடைக்கும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் விதிப்படியான தடைக்கு ஏறக்குறைய 0.9 கன மீட்டர் கலவை தேவை. அரை மீட்டர் குறுந்தடைக்கு 0.2 கன மீட்டர் போதும். விபத்து நடந்த மறுநாள், ஊர் மறியல் செய்யும் நேரத்தில், கையில் உள்ள கலவையைக் கொட்டி இரண்டு மணி நேரத்தில் தடையை எழுப்புகிறார்கள். அந்த இடத்தில் நிற்கும் பொறியாளரிடம் அளவு எழுதிய ஒற்றைத் தாள் கூட இருப்பதில்லை. விதி இருக்கிறது, வேலையும் நடக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. பொறியாளர்களின் தொழில்நுட்பச் சங்கம் என்ற ஒன்று எதற்கு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த இடைவெளியில் இருக்கிறது.

விதிநூலை எழுதுபவர் யார்?

இந்தியாவில் சாலைப் பொறியியலுக்கான மூத்த தொழில்முறை அமைப்பு இந்திய சாலை காங்கிரஸ். பெயரில் காங்கிரஸ் இருப்பதால் அரசியல் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1908இல் பாரிசில் கூடிய முதல் உலகச் சாலை மாநாட்டுக்கும் இதே பெயர்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் வண்டிகள் பெருகி, மாட்டு வண்டிக்குப் போட்ட சாலைகள் தூளாகின. இதை ஆராய 1927இல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் குழு அமைந்தது. எரிபொருள் மீது கூடுதல் வரி விதித்துச் சாலைக்கென்று தனி நிதி ஏற்படுத்த வேண்டும் என்றது அந்தக் குழு. 1929இல் அந்த நிதி வந்தது. சாலைப் பொறியாளர்கள் அனுபவத்தைப் பரிமாறிக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்ற பரிந்துரை நிறைவேற இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1934 டிசம்பரில் இந்திய சாலை காங்கிரஸ் பிறந்தது.

1943இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள்தான் தேசிய, மாநில, மாவட்ட, கிராமச் சாலை என்ற வகைப்பாட்டை வகுத்தார்கள். இன்றும் தமிழகத்தில் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறை வசம், ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில், நகரத் தெருக்கள் நகராட்சி, மாநகராட்சி கையில் என்று பிரிந்து கிடப்பதன் வேர் அந்த வகைப்பாட்டில் இருக்கிறது.

ஒரு விதிநூல் உருவாகும் விதம் இது. துறை சார்ந்த குழுவில் பொதுப்பணி, நெடுஞ்சாலைப் பொறியாளர்கள், பேராசிரியர்கள், ஆராய்ச்சி நிலையத்தார், ஒப்பந்த நிறுவனத்தார் உட்கார்ந்து வரைவு எழுதுவார்கள். அது தரநிலைக் குழுவுக்கும் பிறகு பேரவைக்கும் போய், திருத்தம் பெற்று அச்சேறும். பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை. கிராமச் சாலைக்கு உயிர்நாடியான இரண்டு நூல்கள் அப்படி வந்தவைதான்: 2002இல் வந்த கிராமச் சாலைக் கையேடான எஸ்.பி. 20, குறைந்த போக்குவரத்துள்ள தார்ச்சாலையின் தடிமனை வடிவமைக்கும் எஸ்.பி. 72. இரண்டாவது நூல் 2007இல் முதலில் வந்து 2015இல் திருத்தப்பட்டது. 2000 டிசம்பரில் பிரதமர் கிராம சாலைத் திட்டம் தொடங்கி, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சிற்றூர்களுக்குச் சாலை போட வேண்டிய கட்டாயம் வந்ததால்தான் இந்த நூல்களுக்கு அவசரம் பிறந்தது.

கீழிருந்து மேலே போன அறிவுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவிப் பூச்சாக உருகவிட்டு, அதன் பிறகு தார் கலக்கும் முறையை உருவாக்கினார். பல ஊர்களில் போட்டுப் பார்த்து, நாட்பட நின்றதைக் கண்ட பிறகு, 2013இல் அது எஸ்.பி. 98 என்ற வழிகாட்டியானது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக், பி.வி.சி. கூடவே கூடாது என்று அளவும் தடையும் எழுத்தில் வந்தன. ஆய்வகத்தில் ஒருவர் கண்டது நாடெங்கும் எஸ்டிமேட்டில் ஏறக்கூடிய பொதுச் சொத்தானது அந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் திரும்பிக் கீழே வரும் வழி அடைபட்டே கிடக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகளை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். சாலை காங்கிரசின் நூல்களை விலை கொடுத்து வாங்க வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் உதவிப் பொறியாளருக்குச் சாலை ஒரு வேலை மட்டுமே. தொகுப்பு வீடு, மேல்நிலைத் தொட்டி, தடுப்பணை, பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி என்று எல்லாவற்றையும் அவரே அளந்து, எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகம் எழுதி, பில் போட வேண்டும். இருநூறு பக்க நூலில் இருந்து தனக்கு வேண்டிய ஐந்து வரியைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் கிடையாது. சாலை அமைப்பவருக்குச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் எது வேண்டும் என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

தண்ணீர் வெளியேற வழி

கிராமச் சாலை பழுதாவதற்குத் தாரைக் குறை சொல்வது எளிது. பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி தண்ணீர்.

வழக்கமான ஊராட்சிச் சாலையின் தார்ப்பகுதி 3.75 மீட்டர், இருபக்கமும் உள்ள மண் ஓரமான பெர்மும் சேர்த்து மொத்தம் 7.5 மீட்டர். போக்குவரத்து நாளுக்கு நூறு மோட்டார் வண்டிகளுக்கும் குறைவென்றால் முறையே 3 மீட்டரும் 6 மீட்டரும் போதும். மெல்லிய தார்ப்பரப்புக்கு 3 முதல் 3.5 சதவீதம் காம்பர், அதாவது நடுவில் இருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு, வேண்டும். 3.75 மீட்டர் சாலையில் 3 சதவீதம் என்றால் ஓரத்தைவிட நடுப்பகுதி 56 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். நூல் பிடித்து ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். காம்பர் பலகையைத் தளத்துக்குக் கொண்டு வராத ஒப்பந்தக்காரரின் சாலையில் முதல் மழைக்கே நடுவில் தண்ணீர் நிற்கும்.

காம்பர் சரியாக இருந்தும் பாழாகும் சாலைகள் உண்டு. அங்கே பெர்மைப் பார்க்க வேண்டும். தார்ப்பரப்பைவிட பெர்ம் உயர்ந்திருந்தாலோ, அதில் புல் மண்டியிருந்தாலோ தண்ணீர் ஓரத்திலேயே தேங்கி, விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். பெர்முக்குத் தாரைவிட ஒரு சதவீதமாவது கூடுதல் சரிவு வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாக.

இதைவிட ஆழமான பிழை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. செலவைக் குறைக்க, 3.75 மீட்டருக்கு மட்டும் மண்ணைத் தோண்டி, அதற்குள் கிராவலும் ஜல்லியும் நிரப்புகிறார்கள். இருபக்கமும் களிமண் பெர்ம். ஜல்லிக்குள் இறங்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை, சாலையின் அடியில் நீண்ட தொட்டி கட்டியது போலாகிவிடுகிறது. மேலே லாரிச் சக்கரம் அழுத்தும்போது அந்தத் தண்ணீர் மேலும் கீழும் அடித்து, மண்ணைச் சேறாக்கி ஜல்லிக்குள் ஏற்றும். ஆறு மாதத்தில் சக்கரத் தடத்தில் முதலைத்தோல் போன்ற வெடிப்பு வரும். இதற்கு மருந்து, அடிப்படுகையான ஜி.எஸ்.பி. அடுக்கைப் பெர்மின் அடியிலும் இழுத்துப் பக்கவாட்டுச் சரிவு வரை, அதாவது காற்றைப் பார்க்கும்வரை கொண்டு போவது. எஸ்டிமேட்டில் ஜி.எஸ்.பி. அளவு சாலையின் முழு அகலத்துக்குப் போட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பவர் பாதி நோயை வரும் முன்பே நிறுத்திவிடுகிறார்.

அடிமண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் தடிமன் முடிவு செய்வதும் பரவலான தவறு. எஸ்.பி. 72 மண்ணை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மண்ணின் தாங்கும் வலிமையைக் காட்டும் எண்ணான சி.பி.ஆர். 2 என்றால் மிக மோசம், 3–4 மோசம், 5–6 சுமார், 7–9 நன்று, 10–15 மிக நன்று. மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்துச் சோதிக்கும் சி.பி.ஆர். இது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் 2, 3 என்றுதான் வரும். அதே ஒன்றியத்தில் பத்துக் கிலோமீட்டர் தள்ளிச் செம்மண்ணில் 8 வரும். பக்கத்துச் சாலையின் எஸ்டிமேட்டைப் பிரதி எடுத்துப் பெயரை மாற்றினால் ஒன்று வீண்செலவு, இல்லையென்றால் வீண்சாலை. கிலோமீட்டருக்கு மூன்று இடங்களிலாவது, மண் நிறம் மாறும் இடத்தில் கட்டாயமாகவும், மாதிரி எடுக்க வேண்டும். கரிசலில் மேலே கனமான, வீங்காத மண் அடுக்கு போட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்த வேண்டும். சுண்ணாம்பு பொதுவாக மண்ணின் எடையில் 3 முதல் 5 சதவீதம் வரும், சரியான அளவை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, ரோலர். மேல் 30 சென்டிமீட்டர் மண்தளம் ஆய்வக அடர்த்தியில் நூறு சதவீதத்தை எட்ட வேண்டும். எத்தனை முறை ரோலர் ஓடினாலும் மண்ணில் சரியான ஈரம் இல்லாமல் அது நடக்காது. மே மாதம் மண்ணில் 5 சதவீத ஈரம், நன்றாக இறுக உகந்த ஈரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 7.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 2,250 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் 4,050 டன். அதில் 7 சதவீத ஈரம் ஏற்ற 2,83,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கரில் 24 நடை, வெயிலில் ஆவியாவது தனி. கிலோமீட்டருக்கு நாலைந்து டேங்கர் தண்ணீர் தெளித்து ரோலரை ஓடவிடும் வேலையில், சோதனைத் தாளில் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை நம்புவதற்கில்லை. இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருக்கும் பொறியாளரை ஏமாற்றுவது கடினம்.

தாரின் கணக்கு

மேல்பரப்பாக விரிக்கும் தார், சிறுஜல்லிக் கலவையான 20 மில்லிமீட்டர் பிரிமிக்ஸ் கார்ப்பெட்டுக்குப் பத்து சதுர மீட்டருக்கு 0.27 கன மீட்டர் சிறுஜல்லியும் 14.6 கிலோ தாரும். அதன் மேல் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பூச்சான பி வகை சீல் கோட்டுக்குப் பத்து சதுர மீட்டருக்கு 6.8 கிலோ தார். ஒரு கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம் என்றால் 3,750 சதுர மீட்டர். கார்ப்பெட்டுக்கு 5,475 கிலோ, சீல் கோட்டுக்கு 2,550 கிலோ, மொத்தம் எட்டு டன் தார், 101 கன மீட்டர் சிறுஜல்லி. தார் வாங்கிய ரசீதை இந்த எட்டு டன்னோடு ஒப்பிட்டாலே பாதித் தணிக்கை முடிந்துவிடும். ஒரு டன் குறைந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எட்டில் ஒரு பங்கு தார் இல்லை என்று பொருள். அந்தச் சாலையில் அடுத்த கோடைக்குள் ஜல்லி உதிர்ந்து ஓரத்தில் குவியும்.

அளவு சரியாக இருந்தும் வெப்பத்தில் கெடும். வி.ஜி. 30 என்ற வகைத் தாரையும் கலவையையும் 150 முதல் 165 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். சாலையில் விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது, 90க்கு இறங்கும் முன் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். கலவை ஆலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்து, லாரியில் தார்ப்பாய் மூடாமல் வந்தால் மேல்பகுதி ஆறி உருண்டை உருண்டையாக விழும். ஆறிவிடும் என்று பயந்து ஆலையில் அளவுக்கு மேல் காய்ச்சினால் தார் கருகி, ஒட்டும் தன்மை போய்விடும். நீலப் புகை எழும்பும் கலவையைத் திருப்பி அனுப்பும் துணிவு தளத்தில் நிற்பவருக்கு வேண்டும். அதற்குக் கையில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். ஒரு சாலையின் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை, ஆனாலும் பல தளங்களில் அது இருப்பதில்லை.

பழைய பரப்போடு புதியதை ஒட்டவைக்கும் டாக் கோட்டைப் பற்றிச் சுருக்கமாக: பழைய தார்ப்பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எமல்ஷன் (நீரில் கலந்த தார்), தூசியைக் கூட்டிய பிறகு, பழுப்பு நிறம் கறுப்பாக மாறும்வரை காத்திருந்து. கூட்டாமல் தெளித்தால் தூசியின் மேல்தான் ஒட்டும், புதுப்பரப்பு அப்பளமாகப் பெயர்ந்து வரும்.

சக்கரத்தின் எடை

சாலையைத் தேய்ப்பது வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் என்று நினைப்பது பிழை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனையில் இருந்து கிடைத்த பாடம்: அச்சின் எடை கூடக் கூடச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. இந்தியாவில் 2018இல் நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்ச எடை 10.2 டன்னில் இருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எண்ணில் 13 சதவீதம்தான் கூடுதல். நான்காம் அடுக்கில் பார்த்தால் ஓர் அச்சு செய்யும் சேதம் சுமார் 60 சதவீதம் கூடியிருக்கிறது. இது சட்டத்துக்கு உட்பட்ட எடை. கல்குவாரியில் இருந்து குறுக்கு வழியாக ஊராட்சிச் சாலையில் இறங்கும் லாரி பெரும்பாலும் இதையும் தாண்டும்.

ஆகவே குவாரி, எம்-சாண்ட் ஆலை, கரும்பு ஆலை இவற்றின் பாதையில் இருக்கும் ஊராட்சிச் சாலையைச் சாதாரண ஊராட்சிச் சாலையாக வடிவமைத்தால் அது இரண்டாவது ஆண்டைப் பார்ப்பதில்லை. எஸ்.பி. 72 பத்தாண்டு ஆயுளில் 10,000 முதல் 20 லட்சம் தர அச்சுகள் (பல எடை அச்சுகளை ஒரே அளவுக்கு மாற்றிய எண்ணிக்கை) வரை ஒன்பது பிரிவாகப் போக்குவரத்தை வகுத்திருக்கிறது. அறுவடைக் காலத்தின் நெரிசலையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஜூன் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து வண்டி எண்ணிவிட்டு, தை மாதம் கரும்பு டிராக்டர் வரிசை கட்டும் சாலையின் தடிமனை முடிவு செய்வது பொருந்தாது.

போட்ட பிறகு நடப்பவை

2019இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியதில் இருந்து ஊர்த் தெருக்களில் குழாய்க்காகத் தோண்டாத சாலை அரிது. வீட்டுக்குக் குடிநீர் வருவது பெரிய நன்மை, அதில் இரண்டாம் கருத்து இல்லை. தோண்டிய பள்ளத்தை மூடும் விதம்தான் சாலையைக் கொல்கிறது. எடுத்த மண்ணையே ஒரே தள்ளில் கொட்டி, மேலே கூம்பாகக் குவித்து, வண்டி ஓடி அமுங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மழையில் பள்ளம் விழும். 15 சென்டிமீட்டர் அடுக்காக ஈரப்படுத்தி இடித்து ஏற்ற வேண்டும், ஜல்லி அடுக்கு பழைய தடிமனுக்கு வர வேண்டும், தாரின் விளிம்பை நேர்கோட்டில் வெட்டிய பிறகே புதுத்தார். குழாய் போடுபவர் ஒருவர், சாலைக்குப் பொறுப்பானவர் வேறொருவர், இருவருக்கும் பொதுவான மேலதிகாரி மாவட்டத் தலைநகரில். வேலை தொடங்கும் முன் இந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார அலுவலக நடைமுறையில் இடமே இல்லை.

நகரத் தெருக்களில் இன்னொரு நோய். பழைய தாரைச் சுரண்டாமல் அடுக்கு மேல் அடுக்காகப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போனது, வீட்டு வாசல் பள்ளமானது, மழைநீர் சமையலறைக்குள் வந்தது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. சுரண்டும் இயந்திரம் நுழைய முடியாத சந்துகளில் என்ன செய்வது, சுரண்டிய பரப்பை எத்தனை நாள் திறந்து போடலாம், சாக்கடை மூடிகளை எந்த மட்டத்தில் திரும்ப வைப்பது போன்ற கேள்விகளுக்குக் களத்தில் வேலை செய்பவர்கள் கூடிப் பேசித்தான் விடை காண முடியும்.

வேறு நாடுகளில்

இங்கிலாந்தில் நகராட்சிப் பொறியாளர்கள் 1873இலேயே தனிச் சங்கம் கண்டார்கள். அமெரிக்காவில் கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களின் பொறியாளர்களுக்கு 1956இல் தேசியச் சங்கம் அமைந்தது. நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கு அமைப்புகள் ஏற்கெனவே இருந்தும் இவர்கள் தனியே கூடியதற்குக் காரணம் உண்டு. ஆறு வழிச் சாலை போடுபவரின் சிக்கலும், நாலு பேர் கொண்ட அலுவலகத்தில் இருந்து முந்நூறு கிலோமீட்டர் சிறுசாலையைக் காப்பவரின் சிக்கலும் வேறு வேறு.

நமக்கு அதிகம் பயன்படக்கூடிய முன்மாதிரி, அமெரிக்க அரசு 1982இல் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப உதவித் திட்டம். இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கு மையம் இருக்கிறது, பலவும் பல்கலைக்கழகங்களோடு இணைந்தவை. அங்கே ஒரு பயிற்றுநர் வண்டியில் கருவிகளோடு சிற்றூர் சிற்றூராகப் போய், அந்த ஊர்ச் சாலைப் பணியாளர்களுக்கு அவர்கள் சாலையிலேயே கற்றுக் கொடுப்பார். பொறியாளரைத் தலைநகருக்கு அழைத்து மூன்று நாள் குளிரூட்டிய அறையில் படம் காட்டுவதைவிட இது பல மடங்கு பலன் தரும். கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாவட்டம்தோறும் பொறியியல் கல்லூரிகளும் மண் ஆய்வகங்களும் இருக்கின்றன. இவற்றை ஒன்றிய அலுவலகத்தோடு இணைக்க ஒரு கை வேண்டும்.

மாவட்ட அளவில் என்ன செய்யலாம்

நம்மிடம் பொறியாளர் சங்கங்களுக்குக் குறைவில்லை. பதவி உயர்வு, பணிமூப்பு, ஊதிய முரண்பாடு, இடமாறுதல் என்று அவை பேச வேண்டியவை ஏராளம், பேசவும் வேண்டும். ஆனால் சாலை ஏன் உடைந்தது என்று பேச அந்தக் கூட்டங்களில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். பயம்தான் காரணம். சாலை பழுதானால் தணிக்கைத் தடை வரும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி குறிப்பாணை வரும், ஓய்வுபெறும் நாளில் பணப்பலன் நிற்கும். தன் சாலையின் தோல்வியைத் தானே எழுதி வைக்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே ஒவ்வொருவரும் அதே பாடத்தைத் தனித்தனியாக, அரசுப் பணத்தில், திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

அதனால் தொழில்நுட்பச் சங்கம் முதலில் உருவாக்க வேண்டியது பெயரில்லாத பழுதுத் தாள். சாலைப் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர், பொறியாளர் பெயர் எதுவும் வேண்டாம். மண் வகை, சி.பி.ஆர்., அடுக்குகளின் தடிமன், போட்ட மாதம், முதல் வெடிப்பு தெரிந்த மாதம், வெடிப்பின் வடிவம், வடிகாலின் நிலை, கனரக வண்டி உண்டா இல்லையா, ஓரிடத்தில் தோண்டிப் பார்த்ததில் எந்த அடுக்கில் ஈரம் இருந்தது. ஒரு பக்கம் போதும். ஐம்பது தாள் சேர்ந்தால் அந்த மாவட்டத்துச் சாலைகள் எதனால் சாகின்றன என்பது தெரிந்துவிடும். கரிசல் ஒன்றியங்களில் ஒரு காரணமும் டெல்டாவில் வேறொரு காரணமும் மேலெழுந்து வரும். விதிநூலைத் திருத்தும் குழுவுக்கு இதைவிட மதிப்புள்ள ஆவணம் கிடையாது.

இரண்டாவது, பொதுக் கருவிப்பெட்டி. மண் அடர்த்தி பார்க்கும் மணல் மாற்றுக் கருவி ஒன்று, கார்பைடு தூளில் இயங்கும் ஈரமானி ஒன்று, தெர்மாமீட்டர் நான்கு, காம்பர் பலகை, மூன்று மீட்டர் நேர்ச்சட்டம், டி.சி.பி. எனப்படும் கூம்பு ஊடுருவல் கருவி. கடைசியாகச் சொன்னதை எல்லா ஒன்றியமும் பழக வேண்டும். 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து விழுந்து ஒரு கூம்பை மண்ணுக்குள் இறக்கும், அவ்வளவே கருவி. ஓர் அடிக்கு 40 மில்லிமீட்டர் இறங்கினால் சி.பி.ஆர். சுமார் 5, 10 மில்லிமீட்டர் மட்டும் இறங்கினால் 20க்கு மேல். நான்கு நாள் ஊறவைக்கும் சோதனைக்கு இது மாற்றாகாது, ஏனென்றால் காட்டுவது அன்றைய ஈரத்தில் உள்ள வலிமையை. ஆனால் ஒரு காலைப் பொழுதுக்குள் ஒரு கிலோமீட்டரில் எங்கே மண் பலவீனம் என்று காட்டிவிடும். ஒரு ஒன்றியம் தனியாக வாங்கினால் மூலையில் துருப்பிடிக்கும், பத்து ஒன்றியம் சுற்றில் வைத்தால் வாரம்தோறும் உழைக்கும். யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தது என்று ஒரு பதிவேடு போதும்.

மூன்றாவது, தமிழில் ஒற்றைத் தாள்கள். வேகத்தடைக்கு ஒன்று, குழாய்ப் பள்ளம் மூட ஒன்று, தார் அளவுக்கும் வெப்பத்துக்கும் ஒன்று, மண்தளத் தண்ணீர்க் கணக்குக்கு ஒன்று. விதிநூல் எண்ணும் திருத்த ஆண்டும் தாளின் மேலே இருக்க வேண்டும். சாலை காங்கிரஸ் தன் திருத்தங்களை மாத இதழில் வெளியிடுவதால், பழைய அளவே சுற்றிக்கொண்டிருக்காமல் பார்க்க ஒருவருக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும். ஊராட்சித் தலைவரும் சாலை ஆய்வாளரும் மேஸ்திரியும் படிக்கும்படி எழுதினால் பொறியாளர் இல்லாத நேரத்திலும் வேலை கெடாது.

உறுப்பினர் யார் என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்களின் பொறியாளர்கள் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஏனென்றால் ஆலையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நிர்வாகக் குழுவில் இடமும், கூட்டச் செலவுக்கு அவர்களிடம் நன்கொடையும் கூடாது. ஒருமுறை மதிய உணவை அவர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை தார் ரசீதைப் பற்றிப் பேச நா எழாது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள்தான் இங்கே பெரும்பலம். அவர்களுக்கு மெமோ பயம் இல்லை, முப்பது ஆண்டு மழையைப் பார்த்த கண் இருக்கிறது.

கூட்டத்தின் நேரத்தை மழைதான் தீர்மானிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் ஆண்டின் முதல் கூட்டம் செப்டம்பர் தொடக்கத்தில், ஒரு சாலையோரத்தில் நடக்கட்டும். சிறுபாலங்களின் வாயை அடைத்திருக்கும் மண், உயர்ந்து நிற்கும் பெர்ம், தூர்ந்த வடிகால், விளிம்பு உடைந்த இடம் இவற்றைப் பட்டியலிட்டுத் திரும்பினால் சரிசெய்ய நான்கு வாரம் கையில் இருக்கும். இரண்டாவது கூட்டம் ஜனவரியில், அதே சாலையில். எந்தச் சிறுபாலத்தில் தண்ணீர் சாலைக்கு மேலே ஏறியது என்பதை வேலியில் சிக்கியிருக்கும் சருகு மட்டம் காட்டும். அதை அளந்து குறித்துக்கொண்டால் அடுத்த எஸ்டிமேட்டில் குழாய் எத்தனை வரிசை வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிருக்காது. பழுதுத் தாள்களையும் அந்த வாரமே எழுதிவிட வேண்டும். பிப்ரவரியில் பேட்ச் வொர்க் தொடங்கிவிட்டால் வெடிப்பின் வடிவம் தாருக்கு அடியில் மறைந்துவிடும்.